முந்தானைக்குப் பின்னால் ஒரு தபேலா

போன வாரம் லென்ஸ் எடுக்கப் போனோம். கண்ணில் வைக்கிற லென்ஸ் இல்லை... சினிமா லென்ஸ்!

"உங்களுக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று வீட்டில் கேட்டார்கள். நீங்களும் கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன்.

வாலிப வயசில் நான் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் அறிவிப்பாளனாக இருந்தேன் என்று முன்பு இதே பத்தியில் எழுதியிருந்தேன். பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அதைப் படித்துவிட்டு சோழவந்தானிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். பெயர் கயல்விழி. டாக்குமென்டரி எடுப்பவர். டைரக்‌ஷனும் அவரே, கேமராவும் அவரே. மதுரை மேடைக் கலைஞர்களைப் பற்றி ஒரு படம் எடுக்கப் போகிறாராம்.

"உங்க குழுவுல இப்ப யார் யார் சார் இருக்காங்க?"

கேள்வி சின்னதுதான். பதில்தான் நீளம். கீபோர்டு காலமாகிவிட்டார். கிடார், மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். டிரம்ஸ் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஆண் குரல் பாடகர் அரசியலுக்குப் போய்விட்டார் — அதாவது, அவர் மட்டும் இன்னும் மைக்கை விடவில்லை. மதுரையில் மிச்சம் இருப்பது விளாங்குடியில் பாடகி ஜெயந்தி, வில்லாபுரத்தில் தபேலா சிக்கந்தர் பாய். அப்புறம், மைக் இல்லாத நான்.

"போதும் சார். நீங்க மூணு பேரே போதும்" என்றார் கயல்.

அதோடு விட்டிருக்கலாம். "வாடகைக்கு லென்ஸ் பார்க்கப் போறேன். டெஸ்ட் பண்ணிப் பார்க்க உங்கள்ல யாராவது ஒருத்தர் வந்தா நல்லாருக்கும்" என்றும் சொல்லிவிட்டார். யாராவது ஒருத்தர் என்றால் மதுரையில் என்ன அர்த்தம்? எல்லோரும் வாங்க என்று அர்த்தம்! சட்டைத் துணி எடுக்கப் போனால்கூட மாமன், மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் என்று நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகிற ஊர் இது. சோழவந்தான் பெண்ணுக்கு இது தெரியாமலா இருக்கும்? மறந்துவிட்டார், பாவம்.

சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியில் கடை. கயல் வந்து சேர்ந்தபோது நாங்கள் மூவரும் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்து கலர் குடித்துக்கொண்டிருந்தோம். ஜெயந்தி பச்சைப் பட்டு கட்டி, பூ வைத்து வந்திருந்தார். 

"லென்ஸ் பார்க்கத்தான்மா போறோம். எதுக்கு இம்புட்டு அலங்காரம்?" என்றேன்.

"நல்லா கேட்டீங்க அண்ணே. நம்ம லென்ஸைப் பார்த்தா, லென்ஸ் நம்மளப் பார்க்காதா?"

கடை நடத்துகிற முத்து பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். ஜெயந்தி விளக்குத்தூண் ஜவுளிக்கடையில் உட்கார்ந்திருக்கும் பாவனையிலேயே இருந்தார். "இதுல கொஞ்சம் கனம் கம்மியா இருக்கா தம்பி? அந்தா அலமாரியில இருக்கே, அத ஏன் காட்ட மாட்டேங்கிறீங்க?" முத்து பொறுமைசாலி. கேட்டதையெல்லாம் எடுத்துக் காட்டினார். விட்டால் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்து நிறம் பார்த்திருப்பார் ஜெயந்தி.

சிக்கந்தர் பாய் மட்டும் வலது கையை இடது கையால் பிடித்தபடி ஓரமாக உட்கார்ந்திருந்தார். எப்போதும் அப்படித்தான் அவர். எங்கே போனாலும் ஓரத்து நாற்காலி.

அவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தப் பழைய நாட்கள் வந்துவிட்டன...

வில்லாபுரத்தில் ஒரு மாவு மில். அதன் மாடியில்தான் எங்கள் ரிகர்சல். குழுவின் பெயரில் 'தென்றல்' உண்டு. அந்த மாடியில் ஒரு ஃபேன்கூடக் கிடையாது. கீழே அரிசி அரைக்கும் நாளில் பிரச்னை இல்லை. மிளகாய் அரைக்கும் நாளில் பல்லவியில் ஒரு தும்மல், சரணத்தில் ரெண்டு தும்மல். "இன்னைக்கு சோகப் பாட்டா எடுப்போம்யா, கண்ணீர் தானா வரும்" என்பார் கீபோர்டு. அந்த மனுஷரின் சிரிப்புச் சத்தம் இன்னமும் காதில் இருக்கிறது.

சாயங்காலம் வேன் வரும். ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே மடங்கி உட்கார்ந்து போவோம். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, கட்சிக்காரர் வீட்டுக் காதுகுத்து... எங்கே போனாலும் ஜெயந்தி முதலில் பார்ப்பது மைக் ஸ்டாண்டைத்தான். மேடைக்கு நட்டநடுவில் இருக்க வேண்டும். ஒருமுறை வீடியோக்காரர் தன் வசதிக்காக ஸ்டாண்டை ஒரு அடி தள்ளி வைத்துவிட்டார். முன்னிசை முடிந்தது. மறுபடி வாசித்தோம். அதுவும் முடிந்தது. அம்மா வாயைத் திறக்கவே இல்லை! ஸ்டாண்டு பழைய இடத்துக்கு வந்த பிறகுதான் பாட்டு வந்தது.

கோபப்படாதீர்கள். ஆறு ஆண்கள் நிற்கிற மேடையில் ஒரே ஒரு பெண். அந்த நடு இடத்தைச் சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

பாயின் இடம் எது தெரியுமா? அந்த நடு மைக்குக்கு நேர் பின்னால். 'தபேலா சத்தம் பாடுறவங்க காதுல விழணும்' என்று எப்போதோ யாரோ வைத்த இடம். கடைசி வரை மாறவில்லை.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் கலைஞர்கள் அறிமுகம் என்று ஒன்று உண்டு. நான் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, அவரவர் கொஞ்சம் வாசித்துக் காட்டுவார்கள். பாடகர்கள், கீபோர்டு, கிடார், டிரம்ஸ் என்று வரிசையாக வந்து, கடைசியில்தான் தபேலா. எல்லாக் குழுவிலும் இதே வரிசைதான். ஆனால் டிரம்ஸ் முடிவதற்குள் கல்யாண வீட்டில் யாராவது ஒருவர் "பந்தி போட்டாச்சு" என்று குரல் கொடுத்துவிடுவார். பிறகு கூட்டம் நிற்குமா? பாய் காலி நாற்காலிகளுக்கு வாசித்துக் காட்டுவார். அதிலும் ஒரு குறை வைக்க மாட்டார்.

சரி, கடைக்கு வருவோம்.

கயல் முதலிலேயே ஒரு லென்ஸை மனதில் வைத்திருந்தார். அதை எடுத்துக் கேமராவில் மாட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தாலிக்கொடியை வாங்கிப் பார்க்கிற கல்யாணப் பெண் தோற்றாள். "இந்த லென்ஸுக்காகத்தான் சார் இவ்வளவு நாள் காத்திருந்தேன். என் படமே இதுலதான் இருக்கு" என்றார்.

மேடையில் இருப்பதைப்போலவே ஜெயந்தியை முன்னால் உட்காரவைத்தார். பாயை அவருக்குப் பின்னால், கொஞ்சம் ஒருபக்கமாக. மானிட்டரில் படம் தெரிந்தது.

அடடா! சும்மா சொல்லக்கூடாது. ஜெயந்தியின் காதோர நரைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னியது. மூக்குத்தியில் ஜன்னல் வெளிச்சம். இத்தனை வருஷமாகப் பார்க்கிற முகம்தான்... இவ்வளவு அழகு என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஜெயந்தி தன்னைத் தானே பார்த்து வாயடைத்துப் போனார். அதுவே ஒரு அதிசயம்.

"பார்த்தீங்களா மேடம்? இதுதான் இந்த லென்ஸோட கெத்து. முன்னாடி இருக்கிறவங்க மட்டும் பளிச்னு நிப்பாங்க. பின்னாடி இருக்கிறதெல்லாம் அப்படியே வெண்ணெய் மாதிரி கரைஞ்சு போயிரும்!" என்றார் முத்து பெருமையாக.

"பின்னாடி இருக்கிறது நாந்தேன் தம்பி" என்றார் சிக்கந்தர் பாய்.

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். மானிட்டரைப் பார்த்தோம். ஜெயந்தியின் தோளுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு மூட்டம். அது பாயின் சட்டை. அதற்கு மேலே இருந்ததை முகம் என்று நாமாகத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

முத்து பாவம், டீ சொல்கிறேன் என்று கீழே இறங்கிப் போய்விட்டார்.

டீ வந்த பிறகு பாயே ஆரம்பித்தார். "தப்பா நினைக்காத பாப்பா. படம் உன்னோடது. எனக்கு ஒரு சின்ன ஆசை, அம்புட்டுதேன்."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்க வீட்ல நான் வாசிச்சு ஒரு நாளும் பார்த்தது இல்ல. கச்சேரியெல்லாம் ராத்திரி. பிள்ளைகள விட்டுட்டு அவ எங்கிட்டு வர்றது? வீட்ல வச்சு வாசிக்கலாம்னா ஒண்டுக் குடித்தனம், பக்கத்து வீட்ல சத்தம் போடுவாக. தபேலா மில்லு மாடியிலயேதேன் கெடக்கும். பகல்ல நான் டெய்லர் கடையில உக்காந்திருப்பேன். அவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த டெய்லரத்தேன். இப்ப எம் மருமகன் ஒரு பழைய கல்யாண கேசட்ட எங்கயோ தேடிப் பிடிச்சு டிவியில போட்டான். நம்ம கச்சேரிதேன். குடும்பமே உக்காந்து பார்த்துச்சு. கடைசி வரைக்கும் பார்த்துப்புட்டு அவ கேக்குறா... 'என்னங்க, இதுல நீங்க எங்க இருக்கீங்க?'"

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"என்னத்தச் சொல்ல? 'அந்தா ஜெயந்தி முந்தானை தெரியுதுல்ல... அதுக்குப் பின்னாடி இருக்கிறது நாந்தேன்'னேன். அவ எந்திரிச்சுப் போயி டிவிக்குப் பக்கத்துல நின்னு பார்த்தா. 'கை மட்டும் தெரியுது'ன்னா."

ஜெயந்தி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"இப்ப அந்தக் கையும் நடுங்குது தம்பி" என்று வலது கையை விட்டுக் காட்டினார் பாய். விரல்கள் தாமாக ஆடின. "ஊசியில நூல் கோக்க முடியலைன்னு கடைய மூடியாச்சு. மாத்திரை போட்டா கொஞ்ச நேரம் நிக்குது. இது எம்புட்டு நாளைக்குன்னு டாக்டருக்கே தெரியல. நிக்கிற நேரத்துல ஒரு தடவ வாசிச்சு, அத அவ பார்த்துட்டா போதும். இன்ஷா அல்லாஹ், வேற ஒண்ணும் வேணாம்."

வீடியோக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் காலத்தில் அவர்கள் எடுத்ததே இரண்டு விஷயங்கள்தான் — ஒன்று பாடகி, இன்னொன்று பந்தி. சோற்றைப் பிசைந்துகொண்டு கேமராவைப் பார்த்து முழித்தவர்கள்கூட இன்றைக்கும் கேசட்டில் தெளிவாக இருக்கிறார்கள். பாட்டுக்கு உயிர் கொடுத்தவர்தான் இல்லை.

கயல் நல்ல பெண். உடனே வேறு லென்ஸ் மாட்டச் சொன்னார். அகலமான லென்ஸ். அதில் எல்லாமே தெளிவு. ஜெயந்தி தெளிவு, பாய் தெளிவு, சுவரில் இருந்த ஸ்விட்ச் போர்டு, காலண்டர், முத்துவின் ஹெல்மெட் எல்லாம் தெளிவு. ஆனால் முன்னால் இருந்த ஜெயந்தி பெரிதாகவும் பின்னால் இருந்த பாய் ரொம்பச் சின்னதாகவும் ஆகிவிட்டார்கள்.

பாய் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "தெளிவாத்தேன் இருக்கேன். ஆனா எறும்பு கணக்கா இருக்கேனே பாப்பா!"

முத்து இன்னொரு வழி சொன்னார். பழைய லென்ஸையே மாட்டி, வெளிச்சம் நுழையும் வழியைச் சுருக்கினால் பின்னால் இருப்பதும் தெளிவாகுமாம். ஆனால் அதற்குப் பெரிய பெரிய லைட் போட வேண்டும். "அப்படிப் போட்டா மறுபடியும் அந்தக் கல்யாண வீடியோ மாதிரியே ஆயிடும் சார். எல்லாத்தையும் காட்டினா எதையுமே பார்க்க மாட்டாங்க" என்றார் கயல். அவர் கண் கலங்கிவிட்டது. அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆசைப்பட்டு வந்த லென்ஸ் அவருக்கு. ஒரே ஒரு ஆசை பாய்க்கு. நடுவில் நான் என்ன அறிவிப்பது?

"விடு பாப்பா, ஆசப்பட்ட சாமானையே எடு. என் கைய மட்டும் தனியா ஒரு தடவ எடுத்துக் குடு" என்றார் பாய்.

அப்போதுதான் ஜெயந்தி எழுந்தார். தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கினார். பின்னால் கொண்டுபோய் பாயின் நாற்காலிக்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல் போட்டு உட்கார்ந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"இப்ப அந்தப் பழைய லென்ஸ மாட்டு கயலு."

ஒரு அடி தள்ளி வைத்ததற்கே வாயைத் திறக்காதவர்... அந்த ஜெயந்தி!

கயல் லென்ஸை மாட்டினார். இரண்டு பேரும் அடங்குவதற்காகப் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து கடைசியில் மாடிப்படியில் இரண்டு படி இறங்கி நின்றார். மானிட்டரை நான் பிடித்திருந்தேன். ஒரே வரிசையில் இருவர். ஜெயந்தியின் மூக்குத்தியும் தெளிவு. பாயின் தாடியும் தெளிவு. பின்னால் சுவர், காலண்டர், ஹெல்மெட் எல்லாம் முத்து சொன்ன மாதிரியே வெண்ணெயாகக் கரைந்து போயிருந்தன.

"ஒரே வரிசையில இருந்தா இந்த லென்ஸுக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்!" என்று படியிலிருந்து கத்தினார் கயல். அவருக்குத் தெரியாததா? லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்ததில் நாற்காலி ஞாபகம் வரவில்லை.

நாமும் இப்படித்தானே? எதையாவது மாற்ற வேண்டும் என்றால் ஊரையே புரட்டிப் போட யோசிக்கிறோம். கொஞ்சம் நகர்ந்து உட்காரலாம் என்று மட்டும் தோன்றுவதில்லை. காரணம் இருக்கிறது. நகர வேண்டியது நாமாக இருக்குமே!

"நடு இடத்த விட்டுட்டியே தங்கச்சி" என்றார் பாய்.

"பாடுறதுக்கு இடமா முக்கியம்? போங்க பாய்" என்றார் ஜெயந்தி. இதைச் சொல்வது ஜெயந்திதானா என்று நானும் பாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷூட்டிங். எங்கே? அதே வில்லாபுரம் மாவு மில் மாடியில்! மில் இன்னும் ஓடுகிறது. இப்போது நடத்துகிற மகன், "நீங்க முடிக்கிற வரைக்கும் மிளகாய் போட மாட்டேன் அண்ணே" என்று வாக்குக் கொடுத்தார். படி ஏறும்போது பழைய மாவு வாசனை. மாடியில் நாங்கள் ஆணி அடித்து மாட்டிய கொடிக்கம்பி அப்படியே இருந்தது. கீபோர்டு நின்று வாசிக்கும் மூலையை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே இப்போது சாக்குகள் அடுக்கியிருக்கின்றன.

பாயின் மனைவி நூர்ஜஹானும் வந்திருந்தார். கணவர் இத்தனை வருஷம் ஏறிய படிகளில் அவர் ஏறுவது இதுதான் முதல் தடவை. வந்தவர் சாக்குகளுக்குப் பக்கத்தில், மானிட்டர் தெரிகிற இடத்தில் உட்கார்ந்தார்.

எனக்கு ஒரு மைக் கொடுத்தார் கயல். இணைப்பு எதுவும் இல்லாத, பழைய மைக். "கலைஞர்கள் அறிமுகம் பண்ணுங்க சார், அந்தக் காலத்துல பண்ணின மாதிரியே."

அந்தக் காலத்தில் பண்ணின மாதிரி நான் பண்ணவில்லை. வரிசையைத் தலைகீழாக்கினேன். "முதலில்... எங்கள் குழுவின் தபேலாக் கலைஞர்... சிக்கந்தர்!" என்றேன். குரல் நடுவில் உடைந்துவிட்டது. பரவாயில்லை, மிளகாய் மேல் பழி போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால், அன்றைக்கு மிளகாயும் இல்லை.

பாய் கையை வைத்தார். விரல்கள் ஆடின. முதல் தட்டு சரியாக விழவில்லை. இரண்டாவதும் தடுமாறியது. ஜெயந்தி அவர் பக்கம் திரும்பாமலே, மெதுவாகத் தொடையில் தாளம் போட்டார். அப்புறம்... அந்த விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. பழைய நடை. பழைய கும்மென்ற நாதம். ஜெயந்தி பாட ஆரம்பித்தார். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். எனக்கு அந்த நிமிஷம் வயசு ஆகவில்லை.

முடிந்ததும் கயல் அதை மறுபடி ஓடவிட்டார். நூர்ஜஹான் எழுந்து வந்து, டிவிக்கு முன்னால் நின்ற மாதிரியே மானிட்டருக்குப் பக்கத்தில் நின்றார். மானிட்டரில் பாய் தலையை ஆட்டி ஆட்டி, கண்ணை மூடி, முகமெல்லாம் சிரிப்பாக வாசித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு அது பழகிய சிரிப்பு. மேடையில் நின்ற எங்களுக்கு மட்டும்.

நூர்ஜஹானுக்கு? பகலெல்லாம் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்த டெய்லரைத்தானே தெரியும்?

படம் முடிந்தது. அவர் திரும்பிக் கணவரைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது, குரலில் மட்டும் அதட்டல்.

"ஏங்க... இம்புட்டு வருஷமா இந்தச் சிரிப்ப எங்க வச்சிருந்தீங்க?"

"எம் முந்தானைக்குப் பின்னாடிதேன் அண்ணி" என்றார் ஜெயந்தி.

மில்லே அதிர்கிற மாதிரி எல்லோரும் சிரித்தோம். பாய் மட்டும் சிரிக்கவில்லை. வெட்கத்தில் முகம் சிவந்து, கயல் பக்கமாகச் சாய்ந்து, ரகசியமாகக் கேட்டார்:

"பாப்பா... இத இப்ப கொஞ்சம் மங்கலாக்க முடியுமா?"